நெப்ரோட்டிக் பிள்ளைக்கு லெவமிசோல்: பூச்சி மருந்தை ஏன் ஒரு வருடம் கொடுக்கிறார்கள்?

சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். ஆறு வயது மகனுக்கு இரண்டு வருடமாக நெப்ரோட்டிக் என்ற சிறுநீரக நோய். பிரட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தைக் குறைக்கும்போதெல்லாம் முகம் மறுபடி வீங்கிவிடுகிறது. இந்த முறை கிளினிக்கில் லெவமிசோல் என்ற குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு வருடத்துக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் நீங்கள் துண்டைக் கொண்டுபோன பார்மசியில் “இது பூச்சி மருந்தல்லவா, ஒரு வருடத்துக்கா?” என்று கேட்டிருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் உங்கள் தம்பி இணையத்தில் தேடிவிட்டு, அது மாட்டுக்கும் ஆட்டுக்கும் கொடுக்கிற மருந்து, அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலேயே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள், கொக்கெயினில் கலக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். குளிசை வீட்டில் இருக்கிறது, இன்னும் தொடங்கவில்லை, கொடுக்கலாமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. உங்கள் மனதை அரிப்பது அதுவல்ல என்று நினைக்கிறேன். என் பிள்ளையை வைத்துப் பரிசோதனை செய்கிறார்களா என்பதுதான் அது. இல்லை. இந்த மருந்தை இந்த நோய்க்குப் பல நாடுகளில் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவருகிறார்கள். முறையான ஆய்வுகளும் பின்னால் இருக்கின்றன. உங்களுக்கு இதை யாரும் உட்காரவைத்து விளக்கவில்லை என்பதுதான் இங்கே நடந்த பிழை.

நான் கொழும்பில் நீண்ட காலம் வைத்தியசாலை மருந்தாளராக இருந்தவன். பிள்ளைகளின் மருந்தை நிறைக்கு ஏற்ப அளந்து கொடுப்பது என் அன்றாட வேலை. மருந்தைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். உங்கள் மகனின் கோப்பையும் குருதி அறிக்கைகளையும் பார்த்தவன் அல்லன் என்பதால், அவனுக்குப் பொருத்தமான மருந்து இதுதானா என்ற தீர்ப்பை கிளினிக்குக்கே விடுகிறேன்.

உங்கள் தம்பி சொன்ன மூன்றும் உண்மை. லெவமிசோல் 1960களில் பெல்ஜியத்தின் யான்சன் நிறுவனத்தில் உருவான குடற்புழு மருந்து. புழுவின் தசைகளை இறுக்கிப் பிடித்து முடக்கிவிடும். முடங்கிய புழுவைக் குடல் தன் அசைவாலேயே வெளியே தள்ளிவிடும். வட்டப்புழுவுக்கு, அதாவது மலத்தோடு நீளமாக வெளியே வருமே அந்தப் புழுவுக்கு, ஒரே ஒரு வேளை போதும். உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் குடற்புழுவுக்கான மருந்தாகவே இது இருக்கிறது. கால்நடைக்குக் கொடுப்பதும் உண்மை. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விழுங்கும் அல்பெண்டசோலையும் ஆடு மாடுகளுக்குக் கொடுக்கிறார்கள். புழு மனிதக் குடலில் இருந்தாலும் ஆட்டின் குடலில் இருந்தாலும் புழுதான். கால்நடைக்கான திரவத்தை மனிதருக்குக் கொடுப்பதுதான் ஆபத்து; உங்கள் கையில் இருப்பது மனிதருக்கென்று செய்த குளிசை.

அது புழுவிலிருந்து சிறுநீரகத்துக்கு வந்த வழி நீளமானது. 1971இல் பிரான்சில் எலிகளுக்குத் தடுப்பூசியோடு லெவமிசோலைக் கொடுத்துப் பார்த்தவர்கள், எலிகளின் நோய் எதிர்ப்பு ஆற்றல் மாறுவதைக் கவனித்தார்கள். பூச்சி மருந்து ஒன்று எதிர்ப்பு ஆற்றலைத் தொடுகிறது என்ற செய்தி அன்று பெரிய எதிர்பார்ப்பைக் கிளப்பியது. அடுத்த பத்து ஆண்டுகளில் மூட்டுவாதத்திலிருந்து புற்றுநோய் வரை பலவற்றுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை கைகொடுக்கவில்லை. மூட்டுவாதத்தில் ஓரளவு பலன் தெரிந்தது, கூடவே ஒரு கெடுதியும் தெரிந்தது: சிலரில் கிருமியோடு போராடும் நியூட்ரோஃபில் என்ற வெண்குருதிக் கலங்கள் திடீரென்று விழுந்துபோயின. எச்எல்ஏ-பி27 என்ற பரம்பரைக் குறியீடு உள்ளவர்களில் அது கூடுதலாக நடந்தது. அதன் பிறகு மூட்டுவாதத்துக்கு அதைக் கைவிட்டார்கள்.

அமெரிக்காவில் அது 1990இல் அனுமதி பெற்றதே புழுவுக்காக அல்ல. பெருங்குடல் புற்றுநோயை அறுவைச் சிகிச்சையில் அகற்றிய பிறகு, ஃபுளோரோயுராசில் என்ற மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதற்காகத்தான். சில ஆண்டுகளில் அதைவிட நல்ல கூட்டு மருந்து வந்துவிட்டது. வெண்குருதிக் கலப் பயமும் இருந்ததால் 2000இல் அமெரிக்க விற்பனையிலிருந்தும், 2003இல் கனடாவிலிருந்தும் போனது. அங்கே அதற்கிருந்த முக்கியமான வேலை போய்விட்டது. நெப்ரோட்டிக் பிள்ளைகளுக்குக் கொடுத்துக் கெடுதி நேர்ந்ததால் தடைசெய்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பிரித்தானியாவிலும் பிரான்சிலும் நெதர்லாந்திலும் பிள்ளைகளின் சிறுநீரக வைத்தியர்கள் இதைத் தொடர்ந்து எழுதுகிறார்கள். இந்தியக் குழந்தைச் சிறுநீரக வைத்தியர்களின் வழிகாட்டலிலும், சிறுநீரக நோய்களுக்கான கேடிகோ என்ற சர்வதேச வழிகாட்டலிலும், அடிக்கடி திரும்ப வரும் நெப்ரோட்டிக் நோய்க்கு இது இடம்பெற்றிருக்கிறது. தம்பி வாழும் நாட்டில் இந்த மருந்து கடையில் இல்லாததால், அங்கே அவர் விசாரித்தவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

கொக்கெயின் கதைக்கு இரண்டு வரி போதும். கடத்தல்காரர்கள் எடையைக் கூட்ட இந்த வெள்ளைத் தூளைக் கலந்தார்கள். அதை அளவில்லாமல் உட்கொண்டவர்களுக்கு வெண்குருதிக் கலங்கள் விழுந்தன. காதுமடல் தோல் கறுத்து அழுகியது. அந்தப் படங்களைத்தான் தம்பி பார்த்திருப்பார். பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். அந்த அனுபவத்திலிருந்து நமக்குப் பயன்படும் பாடமும் ஒன்று உண்டு; அதற்குக் கீழே வருகிறேன்.

இப்போது உங்கள் மகனின் நோய்க்கு வருவோம். நெப்ரோட்டிக் நோயில் சிறுநீரகத்தின் வடிகட்டி ஒழுகிப் புரதம் சிறுநீரில் போய்விடுகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு பிரட்னிசலோன் அந்த ஒழுக்கை நிறுத்திவிடும். ஆனால் ஒரு தடிமன், ஒரு காய்ச்சல் வந்தால் போதும், பலருக்கு மறுபடி ஒழுகத் தொடங்கும். ஆறு மாதத்தில் இரண்டு தடவை திரும்பினாலே அடிக்கடி திரும்பும் வகை என்று கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் கூடிய அளவு ஸ்டீரொயிட் கொடுக்க வேண்டிவருகிறது. அது என்ன செய்யும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: கன்னம் உருண்டு, பசி அடங்காமல், கோபம் ஏறி, இரவில் தூங்காமல் இருந்த பிள்ளையைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுக்கணக்கில் போனால் உயரம் நிற்கும், எலும்பு மெலியும், கண்ணில் புரை விழும், குருதி அழுத்தம் ஏறும். லெவமிசோல் கொடுப்பது வீக்கத்தை இறக்க அல்ல. அடுத்த தடவை வராமல் தள்ளிப்போட்டு, ஸ்டீரொயிட்டின் அளவைக் குறைக்கத்தான். இதை விளங்கிக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

அது உண்மையில் வேலை செய்கிறதா? 1991இல் பிரித்தானியக் குழந்தைச் சிறுநீரக வைத்தியர்கள் 61 பிள்ளைகளில் பாதிக்கு லெவமிசோலும் பாதிக்கு மருந்தில்லாத போலிக் குளிசையும் கொடுத்துப் பார்த்தார்கள். 112ஆம் நாளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் லெவமிசோல் பக்கம் 14 பேர், மறுபக்கம் 4 பேர். 2018இல் ஐரோப்பாவையும் இந்தியாவையும் சேர்ந்த 99 பிள்ளைகளில், வைத்தியருக்கும் பெற்றோருக்கும் எது எந்தக் குளிசை என்று தெரியாத முறையில், ஒரு வருடம் ஆய்வு செய்தார்கள். வருட முடிவில் ஒரு தடவைகூடத் திரும்பாமல் இருந்தவர்கள் லெவமிசோல் எடுத்தவர்களில் நூற்றுக்கு 26, போலிக் குளிசை எடுத்தவர்களில் நூற்றுக்கு 6. அந்த 26ஐ இரு பக்கமாகவும் பார்க்க வேண்டும். நான்கு மடங்குக்கு மேல் நல்லது என்பது உண்மை. மருந்து எடுத்த பிள்ளைகளிலும் நான்கில் மூவருக்கு அந்த வருடத்துக்குள் ஒரு தடவையாவது நோய் திரும்பியது என்பதும் உண்மை. மருந்தின் பலன் தெளிவாகப் பிரிந்து தெரிந்ததும் முதல் நூறு நாட்களுக்குப் பிறகுதான். ஆகவே இரண்டாம் மாதத்தில் முகம் வீங்கினால் மருந்து தோற்றுவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நம் நாட்டிலும் பேராதனையில், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தும் அடங்காத பிள்ளைகளுக்கு இதைத் தினமும் கொடுத்துப் பார்த்து, நோய் திரும்புவது குறைந்ததை 2017இல் வெளியிட்டார்கள். நம் பிள்ளைகளிலேயே பார்த்த ஆய்வு என்பதால் அதற்கு என் மனதில் தனி இடம் உண்டு.

நோய் திரும்புவது குறைகிறது, ஸ்டீரொயிட் தேவை குறைகிறது என்பது வரை உறுதி. அதற்கு அப்பால் நிலம் உறுதியாக இல்லை. எப்படி வேலை செய்கிறது என்பது இன்றும் முழுதாக விளங்கவில்லை. எதிர்ப்பு ஆற்றலைத் தூண்டுவதாக ஒரு காலம் நம்பினார்கள். இப்போது சீர்படுத்துகிறது என்ற பொதுவான சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்தப் பிள்ளைக்குப் பலன் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு பரிசோதனையும் இல்லை. குறைந்தது ஒரு வருடம் கொடுக்கச் சொல்கிறார்கள். அதற்கு மேல் எவ்வளவு காலம் என்பதில் வைத்தியர்களிடையே ஒரே கருத்து இல்லை. மைகோஃபெனோலேட் என்ற விலை கூடிய மருந்தோடு டெல்லியில் ஒப்பிட்டபோது, அது லெவமிசோலைவிட மேல் என்று நிரூபணமாகவில்லை. சைக்ளோஃபொஸ்ஃபமைட், சைக்ளோஸ்போரின், டக்ரோலிமஸ், ரிட்டக்சிமாப் என்று வேறு மருந்துகளும் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு விலையைக் கேட்கும். சைக்ளோஃபொஸ்ஃபமைட் பிற்காலப் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கக்கூடும், சைக்ளோஸ்போரினும் டக்ரோலிமஸும் காலம் போகச் சிறுநீரகத்தையே உறுத்தக்கூடும். இந்த வரிசையில் மென்மையான படியிலிருந்து உங்கள் வைத்தியர் தொடங்கியிருக்கிறார் என்றே நான் வாசிக்கிறேன்.

பெட்டியில் எழுதியிருப்பது புழுவுக்கு, கொடுப்பது சிறுநீரகத்துக்கு என்பது சட்டவிரோதம் அல்ல. அனுமதி என்பது ஒரு நிறுவனம் எந்த நோய்க்காக விண்ணப்பித்து ஆதாரம் காட்டியதோ அதற்குக் கிடைப்பது. காப்புரிமை முடிந்து சில ரூபாய்க்கு விற்கும் ஒரு குளிசைக்கு, அரிதான ஒரு பிள்ளை நோய்க்காகப் பணம் செலவழித்துப் புதிதாக விண்ணப்பிக்க எந்த நிறுவனமும் முன்வருவது அரிது. பிள்ளை வைத்தியத்தில் இப்படி அனுமதிக்கு வெளியே பயன்படும் மருந்துகள் ஏராளம். மலேரியாவுக்கு வந்த ஹைட்ரொக்சிகுளோரோகுவினும் இந்த வழியே போனது. பிறகு மூட்டுவாதத்துக்கும் லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய்க்கும் முறைப்படி அனுமதியும் பெற்றது. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றுவிட்டது. இன்று கொழும்பில் அந்தக் குளிசையை வாங்குபவர்கள் பெரும்பாலும் மூட்டுக்காகவே வாங்குகிறார்கள்.

ஆனால் அனுமதிக்கு வெளியே என்றாலே நல்லது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐவர்மெக்டினை நினைத்துப் பாருங்கள். ஆற்றுக் குருட்டு நோய்க்கும் குடல் நூற்புழுவுக்கும் மிகச் சிறந்த மருந்து; அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. 2020இல் ஆய்வுகூடக் கிண்ணத்தில் கொரோனா வைரஸை அது அடக்கியது என்று ஒரு செய்தி வந்தது. அந்தச் செறிவை மனித உடலில் வழக்கமான அளவால் எட்டவே முடியாது. பிரேசிலில் 1,358 நோயாளிகளில் செய்து 2022இல் வெளிவந்த ஆய்வு உட்பட, ஒழுங்காகச் செய்த பெரிய ஆய்வுகளில் கொவிட்டுக்குப் பலன் தெரியவில்லை. இரண்டும் புழு மருந்துகள், இரண்டையும் பெட்டியில் எழுதியதற்கு வெளியே பயன்படுத்தினார்கள். ஒன்று போலிக் குளிசையோடு போட்டியிட்டு நின்றது, மற்றது நிற்கவில்லை. எந்த மருந்தைப் பற்றியும் தம்பியிடம் நீங்கள் கேட்க வேண்டியது, போலிக் குளிசையோடு போட்டியிட்டு அது நின்றதா என்ற இந்த ஒன்றைத்தான்.

இனி ஆபத்துகள். 2018 ஆய்வில் லெவமிசோல் எடுத்த 50 பிள்ளைகளில் 4 பேருக்கு நியூட்ரோஃபில் குறைந்தது. வெளியே ஒரு அறிகுறியும் இல்லை, எண்ணிக்கை தானாகவோ மருந்தை நிறுத்திய பிறகோ பழைய நிலைக்குத் திரும்பியது. அறிகுறி இல்லாததால்தான் குருதிப் பரிசோதனை கட்டாயமாகிறது. குருதிக் கலங்களை எண்ணும் பரிசோதனையை எஃப்பிசி என்று துண்டில் எழுதுவார்களே, அதை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது, தொடக்கத்தில் இன்னும் நெருக்கமாக, எடுக்க வேண்டும். ஈரலுக்கான பரிசோதனையும் இடையிடையே வேண்டும். நீண்ட காலம் எடுப்பவர்களில் குருதிக்குழாய் அழற்சியும் தோலில் ஊதாத் தழும்புகளும் வரலாம். கொக்கெயின் அனுபவம் நமக்குக் காட்டிய இடம் இதுதான்: காதுமடலிலோ கன்னத்திலோ கால்களிலோ கறுத்த அல்லது ஊதா நிறப் படை கண்டால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காதீர்கள். மிக அரிதாக மூளையின் வெண்பகுதி அழற்சியும் பதிவாகியிருக்கிறது, புழுவுக்காக ஒரு வேளை எடுத்தவர்களிலும்கூட. குழப்பமான பேச்சு, நடை தள்ளாடுவது, கை கால் சோர்வது ஆகியவை அதன் அடையாளங்கள். சாதாரணமாக வருவது வயிற்றுப் புரட்டலும் கசப்பும்தான். சாப்பாட்டோடு கொடுத்தால் குறையும். வலிப்புக்கு ஃபெனிற்றோயின் எடுக்கும் பிள்ளையென்றால் கட்டாயம் சொல்ல வேண்டும், அதன் அளவு குருதியில் ஏறிவிடும்.

பார்மசி மேசையில் நின்றவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பயமான இடம் ஒன்று உண்டு. புழுவுக்கு ஒரு வேளைக்குப் பிள்ளைக்குக் கொடுப்பது கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். சிறுநீரகத்துக்கும் ஒரு வேளைக்கு ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் வருடத்துக்கு நூற்றெண்பது தடவைக்கும் மேல். 20 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு அது 50 மில்லிகிராம். இந்தக் குளிசை 50 ஆகவும் 150 ஆகவும் வருகிறது. 150 என்பது வளர்ந்தவர் புழுவுக்கு ஒரே வேளையில் விழுங்குவது. கையிருப்பு முடிந்து வேறு கடையில் வாங்கும்போது 150 கைமாறி வந்துவிட்டால் ஒவ்வொரு வேளையும் மூன்று மடங்கு போய்விடும், யாருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பட்டையைத் திருப்பி எண்ணைப் படியுங்கள். மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் பிள்ளையின் நிறையையும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவைத்து, அதைக் காட்டி வாங்குங்கள். குளிசையைப் பாதியாக்க வேண்டிவந்தால் எப்படி என்று மருந்தாளரிடம் செய்துகாட்டச் சொல்லுங்கள். கனடாவிலிருந்தோ வேறு எங்கிருந்தோ அனுப்பிய குளிசையைக் கொடுக்க வேண்டாம். தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியோடு நாட்டுக்குள் வந்ததையே வாங்குங்கள்.

காலைச் சிறுநீரைச் சோதித்து எழுதும் கொப்பியைத் தொடருங்கள். லெவமிசோல் கொடுத்த நாளுக்கு ஒரு சிறு அடையாளம் போட்டால் எந்த நாள் கொடுத்தோம், எந்த நாள் விட்டோம் என்ற குழப்பம் வராது. தவறிய வேளைக்காக இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். பிரட்னிசலோனை லெவமிசோல் தொடங்கிய அன்றே நிறுத்துவதில்லை. வைத்தியர் படிப்படியாக இறக்குவார், நீங்களாக நிறுத்தினால் அதுவே தனி ஆபத்து. பள்ளிக்கூடத்தில் புழுக் குளிசை கொடுக்கும் நாளில் “இவன் ஏற்கெனவே எடுக்கிறான்” என்று தவிர்த்துவிடவும் வேண்டாம். லெவமிசோல் எல்லாப் புழுவுக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை, கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு முன் வைத்தியரிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: தொடக்க எஃப்பிசி எடுத்தாயிற்றா, அடுத்தது எப்போது, எத்தனை மாதத்தில் பலனைக் கணக்கிடுவீர்கள், பலன் இல்லையென்றால் அடுத்தது என்ன. கிளினிக்கில் நெரிசல் இருக்கும், அவசரமாகச் சிங்களத்தில் சொல்லியிருப்பார்கள், நீங்களும் தலையாட்டிவிட்டு வந்திருப்பீர்கள். இப்படிப் பாதி விளங்கித் துண்டோடு வெளியே வந்த தாய்மார் பலரை நான் மேசைக்கு அந்தப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். தமிழ் தெரிந்த தாதியையோ இளம் வைத்தியரையோ கூப்பிட்டுத் தரும்படி கேட்பது உங்கள் உரிமை. வெட்கப்பட வேண்டாம். ஒரு வருடத்துக்கு நாள் விட்டு நாள் ஒரு குளிசையைப் பிள்ளையின் வாயில் வைக்கப்போகிறவர் நீங்கள்.

மருந்து எடுக்கும் காலத்தில் காய்ச்சல், தொண்டை நோ, வாய்ப்புண் வந்தால் பனடோல் கொடுத்துப் பார்ப்போம் என்று இரவைக் கடத்தாதீர்கள். அன்றைய வேளை லெவமிசோலைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, பிரட்னிசலோனை விடாமல், பிள்ளையை அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அங்கே முதலில் பார்க்கும் வைத்தியருக்கு உங்கள் மகனைத் தெரியாது. லெவமிசோல் என்ற பெயரைக் கொப்பியில் காட்டி, எஃப்பிசி எடுக்கும்படி நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.